சுவர் மேல் பழி

சம்யுக்தாவின் ரத்தத்தில் லிட்டருக்கு முந்நூற்றுப் பத்து மைக்ரோகிராம் காரீயம் இருக்கிறது என்று தெரிந்த அன்று பிரவீணா செய்த முதல் காரியம், மாடியிலிருந்து இறங்கிப் போய் வரதராசாவின் மளிகைக் கடையில் நின்று கத்தியதுதான். ஐம்பதைத் தாண்டினாலே அரசாங்கத்துக்கு எழுதிப் போட வேண்டும் என்பது பிரான்ஸ் நாட்டுக் கணக்கு. குழந்தைக்கு ஐந்து வயது. காரீயம் மூளைவரை போகும், போனதில் எவ்வளவு சீராகும் என்று இப்போதே சொல்ல முடியாது என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா தாளைப் பார்த்தபடியே சொல்லியிருந்தார். பாரிஸின் பழைய கட்டடங்களில் பெயின்ட்டில் காரீயம் இருப்பது வழக்கம், வீட்டைச் சோதிக்க ஆள் வருவார்கள் என்றும் சொல்லியிருந்தார். பிரவீணாவின் மனசு இந்தக் கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொள்ள அவளுக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது.

வீட்டுக்காரர் வரதராசா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருடமாகிறது. லா சப்பலில் கடை, கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் வாடகைக்கு விட்ட அந்த வீடு, அவர் குடியிருப்பது புறநகரான சார்செலில். அன்று சனிக்கிழமை. கார் து நோர் ஸ்டேஷனில் ரயிலிறங்கி, செவ்ரானிலிருந்தும் சார்செலிலிருந்தும் வந்த சனம் கடை முழுக்க நின்றது. முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"நீங்கல்லாம் மனுஷங்களா? சுவத்துல விஷத்தை வச்சுக்கிட்டு, குழந்தை இருக்கற குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கீங்களே!"

"தங்கச்சி, கொஞ்சம் ஆறுதலாக் கதையுங்கோ. சனம் நிக்குது."

"நிக்கட்டும். நல்லாக் கேக்கட்டும்."

"சத்தியமா எனக்குத் தெரியாது பிள்ளை. பதினாலு வருசம் நாங்களும் அந்த வீட்டிலைதான் இருந்தனாங்கள். என்ரை மகளும் அதுக்குள்ளைதான் வளந்தவள்."

"அந்தக் கதையெல்லாம் எனக்கு வேண்டாம். என் பொண்ணுக்கு என்ன பதில் சொல்றீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். குனிந்த தலையைப் பார்த்ததும் பிரவீணாவுக்குக் குற்றம் நிரூபணமாகிவிட்டது. அறுபது வயது மனிதர் தன் கடையில், தன் சனத்தின் முன்னால், அடுத்தவன் பிள்ளைக்காக வாயை மூடிக்கொண்டு நிற்கக்கூடும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

பிரவீணா இயல்பில் சண்டைக்காரி அல்ல. இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவள், அவ்வளவுதான். கணவன் ஹரிஹரசுதனுக்கு 2014-இல் கம்பெனி பாரிஸுக்கு மாற்றல் கொடுத்தபோது சொந்தக்காரர்கள் எல்லாம் ஈஃபில் கோபுரத்தைத்தான் பேசினார்கள். ரொட்டிக் கடையில் 'போன்ழூர்' என்று வணக்கம் சொல்லாமல் ரொட்டி கேட்டால் நம்மை மனுஷியாகவே மதிக்க மாட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மிக்ஸி போட்டால் மேல்வீட்டுக்காரி கதவடியில் கடிதம் செருகுவாள் என்றும் சொல்லவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்று டாக்டருக்குப் போன் செய்தால் ஒன்பது நாள் கழித்து வரச் சொன்னார்கள். காய்ச்சல் ஒன்பது நாள் காத்திருக்குமா? லா சப்பலில் தமிழ்க் கடைகள் இருக்கின்றன, ஊர் மாதிரி இருக்கும் என்று நம்பி வீடு எடுத்தார்கள். அங்கே இன்னொரு அதிர்ச்சி. அவள் வாயைத் திறந்தாலே "நீங்கள் இந்தியாவோ?" என்றார்கள். வெள்ளைக்காரர் நடுவில் அந்நியமாக இருப்பதையாவது பொறுத்துக்கொள்ளலாம். தமிழர் நடுவில் அந்நியமாக நிற்பது என்ன கொடுமை என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய அடி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. சம்யுக்தா அங்கே மதியச் சாப்பாட்டைத் தொடுவதில்லை, மூன்று வயதாகியும் தானாகச் சாப்பிடத் தெரியவில்லை, வீட்டில் கையால் ஊட்டுவதை நிறுத்துங்கள் என்று ஆசிரியை ஒரு நாள் சிரித்த முகத்தோடு சொன்னாள். ஊட்டிவிடுவது தப்பாம்! மறுநாளே பிரவீணா பள்ளிச் சாப்பாட்டை நிறுத்தினாள். பதினொன்றரைக்குப் போய்க் குழந்தையை அழைத்து வருவாள், ரசம் சாதம் ஊட்டுவாள், ஒன்றரைக்குக் கொண்டுபோய் விடுவாள். பாரிஸில் அவள் சொல்படி நடந்தது அந்த இரண்டு மணி நேரம் மட்டும்தான். அந்த நேரத்தில் அவள் ராணி.

ரசம் வைப்பது ஈயச் சொம்பில். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண்ணுக்கு வேறு பாத்திரத்தில் வைத்த ரசம் ரசமே அல்ல. நல்ல ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் செய்தது, அதனால் கெடுதல் இல்லை. அடுப்பில் இருக்கும்போது உள்ளே தண்ணீர் இருக்க வேண்டும், காலியாகச் சூடு பட்டால் உருகிவிடும். இது அவளுக்குப் பாவாடை கட்டிய வயதிலிருந்து தெரியும். தெரியாமல் போனது பாரிஸ் அடுப்பைத்தான். அது மின்சார அடுப்பு. அணைத்த பிறகும் இரும்புத் தட்டு அரைமணி நேரம் கொதித்துக்கொண்டே கிடக்கும். வந்த நாலாம் மாதம், ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றிவிட்டு, காலிச் சொம்பை அணைத்த அடுப்பின் மேலேயே வைத்துவிட்டுக் குழந்தையை அழைக்கப் போனாள். திரும்பி வந்தபோது சொம்பு இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு குட்டை தேங்கியிருந்தது. அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்த சொம்பு. தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. ஹரியிடம் சொன்னால் "ஸ்டீல்ல வையேன், என்ன இப்போ?" என்பான். அடுத்த வருடம் ஆடியில் ஊருக்குப் போனபோது, தேர்த் திருவிழாவில் நடைபாதையில் சாமான் பரப்பியிருந்த ஒருவனிடம் அதே அளவில் ஒன்று வாங்கிப் புடவைக்குள் சுற்றி வைத்துக்கொண்டாள். பழையதைவிடக் கனமாக இருந்தது. கனமாக இருந்தால் நல்ல சாமான் என்றுதானே எவரும் நினைப்பார்கள்? துலக்கும்போது விரலில் கருப்பாக ஏதோ ஒட்டியது. புதுசு, போகப் போகச் சரியாகிவிடும் என்று துடைத்துக்கொண்டாள். அது வெள்ளீயம் இல்லை, முக்காலும் காரீயம் என்பதை அந்த ஊரில் யாரிடம் காட்டியிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். யாரிடமும் காட்டாமல் வாங்கிய பொருள் அது.

அந்தக் கார்த்திகையிலேயே குழந்தைக்கு வயிற்றுவலி தொடங்கியது. முகம் வெளுத்தது. வயிற்றுவலிக்கு மிளகு ரசத்தை விட மருந்து உண்டா? ஒரு கரண்டி கூடவே ஊட்டினாள். தை மாதத்தில் சம்யுக்தா தன் பெயரை எழுத மறந்தாள். முன்பு பிரெஞ்சு எழுத்தில் கோணல் மாணலாக எழுதிக்கொண்டிருந்த பெயர்தான். பென்சிலைப் பிடித்துக்கொண்டு, முதல் எழுத்து எந்தப் பக்கம் வளையும் என்று தெரியாமல் அம்மா முகத்தைப் பார்த்தாள். அப்போதுதான் பள்ளி டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார்.

வீட்டைச் சோதிக்க நகராட்சியிலிருந்து ஜெனவியேவ் என்ற அம்மாள் வந்தாள். கையில் முடி உலர்த்தும் கருவி போல ஒன்று. அதைச் சுவரில் வைத்தால் காரீயம் எவ்வளவு என்று எண் காட்டும். பிரவீணாவின் பிரெஞ்சு கடைத்தெருவோடு சரி. மொழிபெயர்க்க யார் வந்தாள் தெரியுமா? வரதராசாவின் மகள் யசோதினி. அப்பா அனுப்பியிருந்தார். இருபத்தாறு வயது, பாரிஸிலேயே பிறந்தவள். கடையில் நடந்த கூத்தைக் கேள்விப்பட்டிருப்பாள். ஆனாலும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு "வணக்கம் அக்கா" என்று உள்ளே வந்தாள்.

ஜன்னல் சட்டங்களில் எண் ஏறியது. குழந்தையின் கட்டிலுக்கு மேலே பெயின்ட் உரிந்திருந்த இடத்திலும் ஏறியது. பிரவீணா பார்த்தாயா என்பது போல யசோதினியைப் பார்த்தாள். அதன் பிறகு ஜெனவியேவ் கேள்வித் தாளை எடுத்தாள். குழந்தைக்குக் கண்மை போடுகிறீர்களா? நாட்டு மருந்து உண்டா? மசாலாத் தூள் எங்கே வாங்கியது? ஒவ்வொரு கேள்வியும் பிரவீணாவுக்குச் சுருக்கென்றது. விஷம் இவர்கள் சுவரில் இருக்க, இவர்கள் நம் அஞ்சறைப்பெட்டியைக் கிளறுகிறார்களே என்று ஆத்திரம் வந்தது.

"ஊரிலையிருந்து கொண்டுவந்த சட்டி பானை ஏதும் சமையலுக்குப் பாவிக்கிறீங்களோ எண்டு கேக்கிறா, அக்கா."

சொம்பு கழுவித் துடைத்து அலமாரிக்குள் இருந்தது. அது நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. காட்டினால் என்ன ஆகும் என்றும் உடனே கணக்குப் போட்டாள். காட்டுமிராண்டிப் பாத்திரம் என்று இந்த அம்மாள் மூக்கைச் சுளிப்பாள். வீட்டுக்காரர் அதையே சாக்காகப் பிடித்துக்கொண்டு சுவரைத் தொடாமல் தப்பிப்பார். தவிர, தலைமுறை தலைமுறையாக அந்த மாதிரிப் பாத்திரத்தில் ரசம் குடித்து யார் செத்தார்கள்?

"எல்லாம் எவர்சில்வர்தான். இங்க வாங்கினது."

யசோதினி அப்படியே பிரெஞ்சில் சொன்னாள். ஜெனவியேவ் கட்டத்தில் ஒரு குறி போட்டாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கூடத்துக்கு அரசாங்க முத்திரையும் கிடைத்துவிட்டது.

சுவரைச் சுரண்டி, ஜன்னல்களை மாற்ற ஆறு வாரம் ஆகும் என்றார்கள். வேலை நடக்கும்போது குழந்தை அங்கே இருக்கக் கூடாது. ஹோட்டலா, ஊருக்கே அனுப்புவதா என்று ஹரி தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது வரதராசாவே மாடியேறி வந்தார். உள்ளே வராமல் வாசலில் நின்றபடியே சொன்னார்.

"ஓட்டலெண்டால் பிள்ளைக்குச் சாப்பாடு சரிவராது தம்பி. வேலை முடியுமட்டும் சார்செலுக்கு வந்து எங்களோடை இருங்கோ. ஒரு அறை சும்மாதான் கிடக்குது."

பிரவீணாவுக்குப் போக வெட்கமாகத்தான் இருந்தது. போகாமல் வேறு வழியும் இல்லை. ஒன்பதாம் மாடி வீடு. ஹரி காலையில் ரயிலேறி ஆபீஸ் போய்விடுவான், வரதராசாவும் அவர் மனைவி தில்லைநாயகியும் கடைக்குப் போய்விடுவார்கள். வீட்டில் பிரவீணா, குழந்தை, யசோதினி. யசோதினியின் கணவன் உதயனுக்கு லியோனில் வேலை. அவள் மூன்று மாதக் கர்ப்பிணி என்பதால் தாய்வீட்டில் இருந்தாள்.

சொம்பைப் பிரவீணா துணிப்பைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். சந்தேகப்பட்டு மறைக்கவில்லை. எல்லாம் எவர்சில்வர் என்று யசோதினியிடமே சொன்ன வாய்க்கு, இப்போது அதை எடுத்து வெளியே வைக்க முகமில்லை. யசோதினி தூங்கும் நேரமாகப் பார்த்து ரசத்தை வைப்பாள், ஸ்டீல் பாத்திரத்தில் ஊற்றுவாள், சொம்பைக் கழுவித் துணியில் சுற்றிப் பைக்குள் வைப்பாள். ஒரு பொய் சொன்னால் அதற்கு ஆறு வாரம் சேவகம் செய்ய வேண்டியிருக்கிறது.

யசோதினிக்கு மசக்கை கடுமையாக இருந்தது. தண்ணீர் குடித்தாலும் வாந்தி. அவள் அம்மா வைக்கும் குழம்பின் வாசனை வந்தாலே குளியலறைக்கு ஓடுவாள். ஒரு நாள் குழந்தைக்குப் பிசைந்துகொண்டிருந்த ரசம் சாதத்தின் வாசனைக்குச் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, அந்த ரசத்திலை கொஞ்சம் குடிச்சுப் பாக்கட்டோ?"

ஒரு டம்ளர் குடித்தாள். இருவரும் காத்திருந்தார்கள். வாந்தி வரவில்லை. யசோதினி சிரித்த சிரிப்பில் பிரவீணாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த ஊருக்கு வந்து இரண்டு வருடத்தில் அவள் கையால் செய்த ஒன்றை ஒருவர் வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர். தக்காளியும் புளியும் கொஞ்சம் தூக்கலாகப் போட்டு, சொம்பிலேயே நன்றாக ஊற விட்டு வைத்தாள். பிள்ளைத்தாய்ச்சி நாக்குக்குப் புளிப்பு வேண்டும் அல்லவா?

"உங்கட ரசம் மட்டும்தான் அக்கா வயித்திலை நிக்குது" என்றாள் யசோதினி. தில்லைநாயகி கடையிலிருந்து வந்து பிரவீணாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ செய்யிற உதவியை மறக்க மாட்டன் பிள்ளை" என்றாள். வரதராசா மறுநாள் நல்ல தக்காளியாகப் பார்த்து ஒரு பெட்டி கொண்டுவந்து வைத்தார். கடையில் கத்தியதை நினைத்துப் பிரவீணாவுக்கு அப்போது முதல் முறையாக உடம்பு கூசியது. வாயால் செய்ததைக் கையால் ஈடு செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள். பாவம், மனசார நினைத்தாள்.

ஆறு வாரம் ஐந்தாறு நாள் நீண்டது. வீடு தயாராகி அவர்கள் திரும்புவதற்கு முன்பே இரண்டாவது ரத்தப் பரிசோதனை நாள் வந்தது. ஹரிக்கு அன்று விட முடியாத மீட்டிங். "யசோதினி வர்றாங்கல்ல, அவங்க பாத்துப்பாங்க" என்று போய்விட்டான். ரத்தம் கொடுத்து நான்கு நாள் கழித்து டாக்டரம்மா வரச் சொன்னபோதும் யசோதினிதான் கூட வந்தாள். வயிறு லேசாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. ரயிலில் சம்யுக்தா அவள் மடியில் தலை வைத்துக்கொண்டு வந்தாள். குழந்தை இப்போதெல்லாம் ஓடுவதில்லை. உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

டாக்டரம்மா தாளை மேஜையில் திருப்பி வைத்தார். நானூற்று எழுபத்து மூன்று.

பிரவீணாவுக்கு எண்ணைப் படிக்க மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. டாக்டரம்மா மெதுவாகப் பேசினார், யசோதினி ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னாள். இன்றே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். ஐந்து நாள் ஊசி, அது காரீயத்தை ரத்தத்திலிருந்து வெளியே இழுக்கும். எலும்பில் சேர்ந்ததை முழுக்க இழுக்காது. மூளையில் பட்டதை அந்த மருந்து திருப்பித் தராது.

"சுவர் வேலை முடிஞ்சுதே" என்றாள் பிரவீணா. தன் குரல் தனக்கே யாரோ பேசுவது போலக் கேட்டது. "பழைய பெயின்ட் எல்லாம் எடுத்தாச்சே."

யசோதினி அதைப் பிரெஞ்சில் சொன்னாள். டாக்டரம்மா தலையாட்டிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"பிள்ளை ஒண்டரை மாசமா அந்த வீட்டிலையே இல்லையாம் அக்கா. சுவர் உங்களோடை வரேல்லை. உங்களோடை என்ன வந்தது எண்டு கேக்கிறா."

அந்தக் கணத்தில் பிரவீணாவுக்குத் தெரிந்துவிட்டது. தேரடியில் அந்த ஆள் சொம்பைச் சுண்டிக் காட்டியது, கணீரென்று ஒலிக்காமல் தொப்பென்றது, விரலில் ஒட்டிய கருப்பு, எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழுந்தன. என் கையாலேயே ஊட்டினேன். வாயைத் திற கண்ணு, இன்னும் ஒரு வாய், காக்காவுக்கு ஒரு வாய் என்று கதை சொல்லிச் சொல்லி ஊட்டினேன். வேண்டாம் என்று தலையைத் திருப்பிய அன்றும் விடவில்லையே.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்றும் தோன்றியது. தோன்றத்தான் செய்தது, அதையும் மறைக்க வேண்டாம். இன்றைக்கே அந்தச் சொம்பைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டால் எண் தானாக இறங்கும். ஊசியால் இறங்கியது என்பார்கள், சுவர் வேலையால் இறங்கியது என்பார்கள். ஹரிக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியாது. வரதராசாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. பெற்ற பிள்ளைக்கு விஷம் ஊட்டியவள் என்று எந்த அரசாங்கமும் எழுதி வைக்காது. குழந்தையைப் பறித்துக்கொண்டும் போகாது.

பக்கத்து நாற்காலியில் யசோதினி பதிலுக்காகக் காத்திருந்தாள். ஒரு கையால் சம்யுக்தாவின் தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தாள். இன்று காலை புறப்படும் முன்பும் ஒரு டம்ளர் குடித்துவிட்டு வந்தவள்.

பிரவீணா வாயைத் திறந்தாள். தன் பிள்ளைக்காக மட்டும் என்றால் அவள் பேசியிருப்பாளா என்பது அவளுக்கே இன்றுவரை தெரியாது.

"ஒரு சொம்பு இருக்கு" என்றாள். "ஊர்ல வாங்கினது. ரசம் அதுலதான் வைப்பேன். தினமும். அன்னைக்கு அந்த அம்மா கேட்டப்போ நான் பொய் சொன்னேன். சார்செலுக்கும் கொண்டு வந்தேன். அங்கயும் அதுலதான் வச்சேன்." மீதியையும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று யசோதினியின் மணிக்கட்டைப் பிடித்தாள். "எல்லா ரசமும், யசோதினி. எல்லா நாளும்."

யசோதினி மொழிபெயர்க்க ஆரம்பித்தாள். பிசகாமல், ஒவ்வொரு வாக்கியமாக, எப்போதும் போலச் சொன்னாள். பொய் சொன்னேன் என்றதையும் விடவில்லை. சார்செல் என்ற பெயர் வந்த இடத்தில் அவள் குரல் மெதுவாகியது. கடைசி வாக்கியத்தைப் பாதி சொல்லிவிட்டு நிறுத்தினாள். மீதியை முடித்தபோது அவள் பிரவீணாவின் பிடியிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா வேகமாக எழுதினார். எழுதிக்கொண்டே நிமிராமல் இன்னொரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வியை யசோதினி தமிழில் சொல்லவில்லை. பிரவீணா காத்திருந்தாள். டாக்டரம்மா நிமிர்ந்து, இந்த ரசத்தை வேறு யாராவது குடித்தார்களா என்று திரும்பவும் கேட்டார்.

"முவா" என்றாள் யசோதினி. நான்.

அந்தப் பிரெஞ்சுச் சொல் பிரவீணாவுக்குத் தெரியும். டாக்டரம்மா பேனாவை நிறுத்தி, யசோதினியின் முகத்தையும் அவள் வயிற்றையும் பார்த்தார். பிறகு இழுப்பறையிலிருந்து இன்னொரு ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்து, எத்தனை மாதம் என்று கேட்டார்.